கேக் வெட்டுவதற்குள் ஹாலை அளந்துவிடுங்கள்

வீட்டுக்குள் நடக்கும் பிறந்தநாள் விழாவில் படங்கள் ஆடிப்போவதற்கு முதல் காரணம் வெளிச்சம். இரண்டு எல்.இ.டி டியூப்லைட் எரியும் ஹால் நமக்குப் பளிச்சென்றுதான் தெரியும். ஆனால் அந்த அளவு வெளிச்சத்தில் ஐ.எஸ்.ஓ-வை (கேமராவின் ஒளியுணர்வு அளவு) 3200-க்கு ஏற்றி, அப்பர்ச்சரை (லென்ஸின் துவாரம்; எஃப் எண் குறைந்தால் துவாரம் பெரிது) எஃப் 2-க்குத் திறந்தால்தான் ஏறக்குறைய 1/250 நொடி ஷட்டர் வேகம் கிடைக்கும். அதே இடத்தில் கேமராவோடு வந்த 18-55 கிட் லென்ஸை 55-க்கு இழுத்தால் அப்பர்ச்சர் எஃப் 5.6-க்கு மேல் திறக்காது. மூன்று ஸ்டாப் போச்சு; ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதியாகும். 1/250 என்பது 1/30 ஆகிவிடும்.

1/30-இல் பெரியவர்களை எடுக்கலாம், மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றால். பிள்ளைகள் நிற்க மாட்டார்கள். உட்கார்ந்து கிஃப்ட் பிரிக்கும் குழந்தைக்கு 1/125 போதும். நடந்து வருகிற குழந்தைக்கு 1/250 வேண்டும். பலூனை உடைக்க எம்பிக் குதிக்கிற கூட்டத்துக்கு 1/500 கூடச் சில சமயம் போதாது. லென்ஸில் இருக்கும் ஐ.எஸ், வி.ஆர், ஓ.எஸ்.எஸ் எல்லாம் உங்கள் கை நடுக்கத்தைத்தான் சரிசெய்யும். குழந்தையின் ஓட்டத்தை அவை ஒன்றும் செய்யாது. கடைக்காரர் இந்த இரண்டையும் போட்டுக் குழப்புவார். காதில் வாங்க வேண்டாம்.

ஆக, மூன்று ஸ்டாப் பற்றாக்குறையை எங்கிருந்து கொண்டுவருவது என்பதுதான் கேள்வி. பெரிய அப்பர்ச்சர் லென்ஸ் ஒரு வழி, ஃபிளாஷ் இன்னொரு வழி. இணையத்தில் யாரைக் கேட்டாலும் "50 மி.மீ. எஃப் 1.8 வாங்கு" என்று ஒரே பாட்டுத்தான். கிராப் சென்சார் (ஃபுல் ஃபிரேமைவிடச் சின்ன சென்சார்) கேமராவோடு நம் ஊர் ஹாலுக்குள் நுழைகிறவருக்கு அது சரியான பதில் இல்லை. முதல் செலவு ஃபிளாஷுக்குப் போக வேண்டும். லென்ஸை அறையின் நீளம் தீர்மானிக்க வேண்டும்.

அறையின் நீளம்

கேனான் 1500டி, நிக்கான் டி5600, சோனி ஏ6400 போன்ற கிராப் சென்சார் கேமராவுக்கு ஒரு எளிய கணக்கு உண்டு. 24 மி.மீ. லென்ஸில், எத்தனை அடி தள்ளி நிற்கிறீர்களோ கிட்டத்தட்ட அத்தனை அடி அகலம் படத்துக்குள் வரும். 35 மி.மீ. என்றால் தூரத்தில் மூன்றில் இரண்டு பங்கு. 50 மி.மீ. என்றால் பாதிக்கும் சற்றுக் குறைவு. பத்தடி தள்ளி நின்றால் 50-இல் நாலரை அடிதான் உள்ளே வரும்: பிறந்தநாள் குழந்தை, அப்பா, அம்மா, அவ்வளவுதான். தாத்தாவின் தோள் வெட்டுப்படும்.

இப்போது ஹாலைப் பாருங்கள். பத்துக்குப் பதினாறு அடி என்று வைத்துக்கொள்வோம். சுவரோரம் பலூன் வளைவும் பேக்டிராப்பும் ஒரு அடி, கேக் மேசையும் அதற்குப் பின்னால் நிற்கும் குடும்பமும் மூன்றடி. எதிர்ச்சுவரில் சோஃபா, அதில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களின் முழங்கால் வரை மூன்றடி. உங்களுக்கு மிஞ்சுவது ஒன்பது அடி. பன்னிரண்டு பிள்ளைகள் இரண்டு வரிசையில் நின்றால் அகலம் எட்டு, ஒன்பது அடி ஆகும். 24-இல் அடங்கும், 35-இல் அடங்காது, 50 பற்றிப் பேசவே வேண்டாம், வாசலைத் தாண்டி லிஃப்ட் பக்கம் போய் நிற்க வேண்டியிருக்கும்.

அதற்காக 17, 18 மி.மீ. வரை விரித்தும் எடுக்காதீர்கள். அவ்வளவு விரித்துக் கிட்டத்தில் நின்று எடுத்தால் ஓரத்தில் நிற்பவரின் முகமும் கையும் பக்கவாட்டில் இழுபட்டுப் பருத்துத் தெரியும். ஓரத்தில் நிற்பது பெரும்பாலும் அத்தையோ சித்தியோ. படம் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்குப் போன பிறகு அந்தப் பேச்சு ஓயாது. 20-க்குக் கீழே இறங்க வேண்டிய கட்டாயம் வந்தால் ஓரங்களில் பலூனும் சுவரும் வரும்படி கொஞ்சம் இடம் விட்டு எடுங்கள்.

இதையெல்லாம் கூட்டிக் கழித்தால் கிராப் சென்சாருக்கு ஒரே லென்ஸ் என்று கேட்பவருக்கு என் பதில் 17-50 அல்லது 18-50 வகை எஃப் 2.8 ஜூம். சிக்மாவின் 17-50 எஃப் 2.8, உள்ளே கண்ணாடி உள்ள பழைய டி.எஸ்.எல்.ஆர்-களுக்கு இன்றும் செகண்ட் ஹேண்டில் கிடைக்கும். கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் என்றால் சிக்மா 18-50 எஃப் 2.8, டாம்ரான் 17-70 எஃப் 2.8. இரண்டில் சிக்மா கையடக்கமானது. விழாக் கூட்டத்தில் அது பெரிய லாபம். ஜூம் முழுக்க ஒரே எஃப் 2.8 என்பதால் 50-க்கு இழுத்தாலும் எக்ஸ்போஷர் (பதிவாகும் வெளிச்ச அளவு) மாறாது. அளவுகளைத் தானே வைத்து மானுவலில் எடுப்பவருக்கு அதன் அருமை தெரியும்.

ஜூம் ஆகாத பிரைம்தான் வேண்டும், பணமும் குறைவு என்றால்: கேனான் டி.எஸ்.எல்.ஆர்-க்கு ஈ.எஃப்-எஸ் 24 மி.மீ. எஃப் 2.8, பிஸ்கெட் கனத்தில் இருக்கும் சின்ன லென்ஸ். நிக்கானுக்கு ஏ.எஃப்-எஸ் டி.எக்ஸ் 35 மி.மீ. எஃப் 1.8ஜி. மிரர்லெஸ் கிராப் சென்சார் கேமராக்களுக்கு சிக்மா 30 மி.மீ. எஃப் 1.4. ஃபுல் ஃபிரேம் வைத்திருப்பவருக்கு 35 மி.மீ. எஃப் 1.8 ஒன்று, தனி முகங்களுக்கு 85 மி.மீ. எஃப் 1.8 ஒன்று, அல்லது 24-70, 28-75 எஃப் 2.8 ஜூம்களில் ஒன்று. 70-200-ஐ வீட்டிலேயே வைத்துவிட்டு வரலாம்.

நிக்கானில் ஒரு பள்ளம் இருக்கிறது. விலை குறைவாகக் கிடைக்கும் பழைய ஏ.எஃப் 50 மி.மீ. எஃப் 1.8டி லென்ஸுக்குள் மோட்டார் கிடையாது. டி3000 வரிசை, டி5000 வரிசை கேமராக்களிலும் மோட்டார் கிடையாது. இரண்டும் சேர்ந்தால் ஆட்டோஃபோகஸ் வேலை செய்யாது; ஓடுகிற குழந்தையைக் கையால் ஃபோகஸ் செய்துகொண்டிருக்க வேண்டியதுதான். பெயரில் "ஏ.எஃப்-எஸ்" இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

எஃப் 1.8-இன் விலை

பெரிய அப்பர்ச்சர் இருந்தால் ஃபிளாஷ் எதற்கு என்று கேட்கலாம். கிராப் சென்சாரில் 50 மி.மீ. லென்ஸை எஃப் 1.8-இல் வைத்து ஆறரை அடி தூரத்தில் ஒரு முகத்தை ஃபோகஸ் செய்தால், தெளிவாக விழும் ஆழம் மொத்தமே பதினோரு சென்டிமீட்டர். முன்னால் பாதி, பின்னால் பாதி. குழந்தை கேக்கை நோக்கி அரை அடி குனிந்தால் கண் ஃபோகஸை விட்டுப் போய்விடும். பக்கத்தில் ஒரு சாண் பின்னால் நிற்கும் தங்கையின் முகம் எப்படியும் மங்கல்தான். 35 மி.மீ. எஃப் 1.8-இல் அதே தூரத்துக்கு இருபத்துமூன்று சென்டிமீட்டர் வரை கிடைக்கும். ஒரு குழந்தைக்குப் போதும், இரண்டு பேருக்கு இழுபறி.

விழா என்பதே ஆட்கள் சேர்ந்திருக்கும் படம். ஊட்டுகிற பாட்டி, ஊட்டப்படுகிற பேரன், பின்னால் எட்டிப் பார்க்கிற அண்டை வீட்டுப் பிள்ளை என மூன்று முகமும் தெரிந்தால்தான் அந்தப் படத்துக்கு உயிர். அதற்கு எஃப் 4 வேண்டும். 24 மி.மீ. லென்ஸில் எஃப் 4 வைத்தால் ஆறரை அடியில் ஒரு மீட்டருக்கும் மேல் ஆழம் கிடைக்கும். ஆனால் எஃப் 4-க்குப் போனால் மறுபடியும் வெளிச்சம் பற்றாது. அந்த இடத்தை ஃபிளாஷ் நிரப்புகிறது.

மேல்தளத்துக்கு அடிப்பது

கேமராவின் மேலே தானாக எழும்பும் குட்டி ஃபிளாஷை மறந்துவிடுங்கள். அது லென்ஸுக்கு மிக அருகில், முகத்துக்கு நேராக அடிக்கும். கண் சிவக்கும், நெற்றி வெள்ளையடித்தது போலாகும், பின்னால் சுவரில் கரிய நிழல் விழும். கொஞ்சம் நீளமான லென்ஸும் ஹூடும் மாட்டியிருந்தால் படத்தின் அடியில் அரைவட்டமாக லென்ஸின் நிழலே வந்து உட்காரும்.

வெளிச்சம் மேல்தளத்தில், அதாவது சீலிங்கில், பட்டுத் திரும்பிவர வேண்டும்; அதற்குத் தலை மேலும் கீழும், இடமும் வலமும் திரும்புகிற ஃபிளாஷ்தான் வேண்டும். கோடாக்ஸ் டி.டி.685, வி860, வி1. கேனான் 430இஎக்ஸ், நிக்கான் எஸ்.பி-700 என்று எது ஆனாலும் சரி. தலை மேலே மட்டும் திரும்பும் மாடல்களைத் தவிருங்கள். கேமராவைச் செங்குத்தாகப் பிடித்தவுடன் அவற்றின் வெளிச்சம் மேல்தளத்துக்குப் போகாமல் பக்கத்துச் சுவருக்குப் போகும்.

ஃபிளாஷைத் திருப்புவதில்தான் பாதிப் பேர் தவறுகிறார்கள். மேல்தளத்துக்கு அடிக்கச் சொன்னால் தலையை 45 டிகிரியில் முன்னோக்கிச் சாய்த்து அடிப்பார்கள். ஆறடி தூரத்தில் நிற்கும் குழந்தைக்கு அந்த வெளிச்சம் உச்சந்தலைக்கு நேர்மேலிருந்து இறங்கும். கண்குழிகள் இருண்டுவிடும், மூக்கின் நிழல் உதட்டில் விழும். கிட்டத்தில் இருக்கிறவரை எடுக்கும்போது ஃபிளாஷின் தலை நேர்மேலே பார்க்கட்டும், அல்லது உங்கள் தோளுக்கு மேலாகப் பின்னோக்கிச் சாயட்டும். வெளிச்சம் உங்களுக்குப் பின்னாலுள்ள மேல்தளத்திலும் சுவரிலும் பட்டுப் பரவி, முன்னிருந்து முகத்தில் விழும். பின்னால் வெள்ளைச் சுவர் இருந்தால் இதைவிட நல்ல விளக்கு வாடகைக்குக்கூடக் கிடைக்காது. பதினைந்தடிக்கு அப்பால் நிற்பவர்களுக்கு மட்டும் முன்னோக்கிச் சாய்ப்பது சரி.

பின்னோக்கி அடிக்கும்போது சோஃபாவில் இருப்பவர் கண்ணில் நேரே அடித்துவிடக் கூடாது. அதற்கும், ஃபிளாஷிலிருந்து நேரடியாகக் குழந்தையின் முகத்தில் கசியும் வெளிச்சத்தைத் தடுக்கவும் ஒரு கறுப்பு ஃபோம் ஷீட் போதும். ஸ்டேஷனரி கடையில் கைவினைப் பொருட்களோடு விற்கும் மெல்லிய ஷீட்டில் இருபது சென்டிமீட்டர் நீளம், பதினைந்து சென்டிமீட்டர் அகலம் வெட்டி, தலைமுடிக்குப் போடும் ரப்பர் பேண்டால் ஃபிளாஷ் தலையின் எந்தப் பக்கம் மறைக்க வேண்டுமோ அந்தப் பக்கம் கட்டிவிடுங்கள். வெள்ளை பிளாஸ்டிக் குடுவை டிஃப்யூசர்கள் சின்ன வெள்ளை அறையில் பரவாயில்லை; பெரிய இடத்தில் அவை பேட்டரியைத் தின்பதோடு சரி.

பத்தடி உயர வெள்ளை மேல்தளம் உள்ள ஹாலுக்கு இந்த அளவில் தொடங்கலாம்: கேமரா மானுவல் மோட், ஐ.எஸ்.ஓ 1600, எஃப் 4, ஷட்டர் 1/125, ஃபிளாஷ் மானுவலில் 1/8 பவர். இருட்டாக வந்தால் 1/4-க்கு ஏற்றுங்கள். இந்த அளவில் ஹாலின் சொந்த வெளிச்சம் ஃபிளாஷைவிட இரண்டு ஸ்டாப் குறைவாகப் பதிவாகும். சீரியல் லைட்டும் பின்னணியும் செத்துப்போகாது. அதே நேரம் குழந்தை கையை வீசினாலும் பேய் உருவம் போல இரட்டை விளிம்பு விழாது. அசைவை உறையவைப்பது இங்கே ஷட்டர் இல்லை. 1/8 பவரில் ஃபிளாஷ் எரியும் நேரம் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. குதிக்கிற பிள்ளையும் அந்தரத்தில் நிற்கும். ஃபுல் பவரில் அது பல மடங்கு நீளும். அதனால் ஃபிளாஷைத் திணறவைப்பதைவிட ஐ.எஸ்.ஓ-வை ஒரு படி ஏற்றுவது நல்லது.

ஷட்டரை 1/200-க்கு மேல் ஏற்றாதீர்கள். கேனான், நிக்கான் ஆரம்பநிலை கேமராக்களில் ஃபிளாஷோடு ஒத்துப்போகும் உச்ச வேகம் 1/200. சோனி ஏ6400-இல் 1/160. தாண்டினால் படத்தின் ஒரு பக்கம் கறுப்புப் பட்டை விழும், அல்லது ஃபிளாஷ் ஹெச்.எஸ்.எஸ் என்ற அதிவேக ஷட்டர் முறைக்கு மாறி, மேல்தளத்துக்கு அடிக்கும் அளவு சக்தி இல்லாமல் போகும்.

கேனானில் ஏ.வி மோடில் (அப்பர்ச்சரை நீங்களும் ஷட்டரைக் கேமராவும் தீர்மானிக்கும் முறை) ஃபிளாஷ் மாட்டி எடுப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். அந்த மோடில் கேமரா பின்னணி வெளிச்சத்துக்காக ஷட்டரை 1/15, 1/8 என்று இறக்கிவிடும். ஃபிளாஷ் அடித்தும் படம் ஏன் ஆடுகிறது என்று புலம்புகிறவர்களில் பலர் இந்த மோடில்தான் இருப்பார்கள்.

இன்னொரு விஷயம், கேனான் 3000டி, 200டி மார்க் 2 இரண்டிலும் ஃபிளாஷ் மாட்டும் ஹாட் ஷூவின் நடுவில் இருக்க வேண்டிய பெரிய தொடுபுள்ளி இல்லை. கோடாக்ஸ் டி.டி.600 போல ஒற்றைப் புள்ளியை நம்பியிருக்கும் மானுவல் ஃபிளாஷ்கள் அவற்றில் எரியாது. கேனானுக்கென்றே செய்த, வெளிச்ச அளவைத் தானே கணக்கிடும் டி.டி.எல் ஃபிளாஷ் வேண்டும். கேமராவைக் கையோடு கொண்டுபோய், கடையிலேயே மாட்டி அடித்துப் பார்த்து வாங்குங்கள்.

டி.டி.எல்லா, மானுவலா? பிள்ளைகளைத் துரத்திக்கொண்டு தூரம் மாறிக்கொண்டே இருந்தால் டி.டி.எல். கேக் மேசைக்கு எதிரே ஒரே இடத்தில் நிற்கும்போது மானுவல். டி.டி.எல் எதிரே இருப்பதைப் பார்த்து ஏமாறும். அடுக்கடுக்காக ஃபிரில் வைத்த வெள்ளை கவுன், பேக்டிராப்பில் தொங்கும் வெள்ளி ஃபாயில் திரை, பளபளக்கும் குரோம் பலூன் எல்லாம் ஃபிளாஷை ஏமாற்றி, முகத்தை இருட்டாக்கும். ஃபிளாஷ் அளவைக் கூட்டிக் குறைக்கும் காம்பன்சேஷனை +0.7 அல்லது +1-க்கு ஏற்றுங்கள். கறுப்பு கோட் சூட் போட்ட பையன், அடர்நிறத் திரை என்றால் எதிர்த்திசை, -0.7. தவிர, டி.டி.எல் அளவெடுக்க முன்னதாக ஒரு சின்ன மின்னல் அடிக்கும். அதற்கே கண் சிமிட்டும் பிள்ளைகள் உண்டு. எடுத்த படத்தில் எல்லாம் கண் மூடியிருக்கும். அந்தப் பிள்ளைக்கு மானுவலுக்கு மாறுவதுதான் வழி.

குழந்தையின் கண் உயரத்துக்குக் குத்தவைத்து எடுக்கும்போது ஃபிளாஷும் கீழே இறங்குகிறது. மேல்தளத்துக்கான தூரம் கூடும். மானுவலில் இருந்தால் அரை ஸ்டாப் ஏற்றிக்கொள்ளுங்கள். சீலிங் ஃபேனுக்கு நேர் கீழே நின்று மேலே அடிக்க வேண்டாம். பழுப்பு இறக்கைகள் வெளிச்சத்தில் ஒரு பங்கை விழுங்கிவிடும், அதுவும் ஒவ்வொரு படத்துக்கும் வேறு வேறு அளவில். இரண்டடி தள்ளி நின்றால் போதும்.

நிறம்

மேல்தளம் பெரும்பாலும் வெள்ளைதான், சுவர்தான் சிக்கல். பிஸ்தா பச்சைச் சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் முகத்தைப் பச்சையாக்கும், ஆரஞ்சுச் சுவர் மஞ்சள்காமாலை வந்தது போலாக்கும். அத்தகைய ஹாலில் பக்கவாட்டில் திருப்பாமல் மேல்தளத்தை மட்டும் நம்புங்கள். ஃபால்ஸ் சீலிங்கில் மரநிற லேமினேட் ஒட்டியிருந்தால் மேலே அடித்தும் பழுப்பாகத்தான் வரும். அங்கே வெள்ளைத் துணித் திரை, வெள்ளைக் கதவு என்று எது கிடைக்கிறதோ அதைத் தேடுங்கள்.

ஹாலில் எரிவது 6500 கெல்வின் வெள்ளை எல்.இ.டி என்றால் ஃபிளாஷின் நிறத்தோடு பெரிதாக மோதாது. ஃபால்ஸ் சீலிங் ஓரத்தில் 3000 கெல்வின் மஞ்சள் விளக்கு மட்டும் எரிந்தால் மோதும்: முகம் வெள்ளை, பின்னணி மாம்பழ நிறம். ஃபிளாஷ் தலையில் சி.டி.ஓ ஜெல் என்ற ஆரஞ்சு நிறக் கண்ணாடித் தாளை ஒட்டினால் இரண்டும் ஒன்றாகும். அல்லது வீட்டுக்காரரிடம் சொல்லி ஒரு வகை விளக்கை மட்டும் எரியவிடுங்கள், செலவில்லாத வழி. ரா ஃபைலில் (சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) எடுப்பது இங்கே கைகொடுக்கும். ஆனால் ஒரே படத்தில் இரண்டு நிற வெளிச்சம் கலந்துவிட்டால் ரா-வும் பாதிதான் சரிசெய்யும்.

ஃபிளாஷ் இல்லாமல் எடுப்பவரை வேறொன்று படுத்தும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், மலிவான எல்.இ.டி-யும் பழைய சோக் டியூப்லைட்டும் நொடிக்கு நூறு முறை துடிக்கும். 1/250-இல் தொடர்ந்து பத்துப் படம் எடுத்தால் நான்கு வெளிச்சமாக, நான்கு மங்கலாக, இரண்டில் பட்டை விழுந்து வரும். 1/100-இல் ஒரு முழுத் துடிப்பு உள்ளே வந்துவிடுவதால் பிரச்சினை இருக்காது, ஆனால் குழந்தை ஆடிவிடும். கேமராவில் இந்தத் துடிப்பைச் சமாளிக்கும் ஆன்ட்டி-ஃபிளிக்கர் இருந்தால் போட்டுவிடுங்கள். மிரர்லெஸ்ஸில் சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரை அணைத்துவிடுங்கள். பட்டைகள் அதில்தான் மோசமாக விழும். மேசைக்குப் பின்னால் "ஹேப்பி பர்த்டே" என்று எரியும் நியான் மாதிரி எல்.இ.டி போர்டுக்கும் இதே கதைதான்.

விளக்கை அணைக்கும் இரண்டு நிமிடம்

மெழுகுவத்தி அணையாமலிருக்க முதலில் ஃபேனை நிறுத்துவார்கள். அதுதான் உங்களுக்கு மணி. அப்போதே மேசையின் மூலையில் இடம்பிடித்துக் குத்தவைத்துவிட வேண்டும். அடுத்த அரை நிமிடத்தில் எதிரே இருபது கைபேசிகள் வந்து நின்றுவிடும். மேசைக்கு நேரெதிரே நிற்காமல் சற்றுப் பக்கவாட்டில் இருப்பது நல்லது. "1" என்ற எண் மெழுகுவத்தி சரியாகக் குழந்தையின் மூக்கை மறைக்கும் படங்கள் ஊரெல்லாம் இருக்கின்றன.

விளக்கை அணைத்ததும் ஃபிளாஷையும் அணையுங்கள். இங்கே பிரைம் லென்ஸின் ராஜ்யம். ஷட்டர் அதே 1/125-இல் இருக்கட்டும். அப்பர்ச்சரை எஃப் 2-க்குத் திறந்து, ஐ.எஸ்.ஓ-வை 6400-க்கு ஏற்றுங்கள். சுடர் வெள்ளையாக வெடித்துத்தான் தெரியும், விட்டுவிடுங்கள். கன்னத்தில் விழும் வெளிச்சம் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ஆட்டோ எக்ஸ்போஷரில் இருந்தால் சுடரைப் பார்த்துக் கேமரா மிரண்டு எல்லாவற்றையும் இருட்டாக்கிவிடும். பூச்சட்டி போலப் பொறி கக்கும் கேண்டில் வைத்தால் இன்னும் மோசம். எஃப் 2.8 ஜூம் மட்டுமே இருந்தால் வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிச் சமையலறை விளக்கை மட்டும் எரியவிடச் சொல்லுங்கள். கதவு வழியாக வரும் அந்தக் கொஞ்ச வெளிச்சம் ஒரு ஸ்டாப் சம்பாதித்துத் தரும்.

ஊதும்போது ஒரு நொடிக்கு மூன்று நான்கு படம் போகட்டும். ஊதி முடித்ததும் விளக்கு எரியும், கைதட்டு, உடனே கேக் ஊட்டல். அதற்குள் ஃபிளாஷ் சுவிட்ச், அப்பர்ச்சர், ஐ.எஸ்.ஓ மூன்றும் பழைய இடத்துக்கு வர வேண்டும். கேமராவில் சி1, சி2 அல்லது யு1, யு2 இருந்தால் இந்த இரண்டு அமைப்பையும் முன்பே சேமித்து வையுங்கள். மெழுகுவத்திப் புகை முகத்துக்கு முன்னால் தொங்கும்போது ஃபிளாஷ் அடித்தால் படம் முழுக்க வெள்ளைத் திரை போட்டது போலாகும். மூன்று நான்கு நொடி பொறுங்கள்.

ஸ்னோ ஸ்பிரே டப்பாவைப் பையன்கள் கையில் எடுப்பதும் இதே நேரம்தான். அதிலிருந்து வருவது எளிதில் தீப்பற்றும் வாயு. மெழுகுவத்தி எரியும்போது அதை அடிக்கவிடக் கூடாது. படம் எடுப்பவருக்கும் அதைச் சொல்லும் பொறுப்பு உண்டு.

கண்

"ஃபிளாஷ் அடித்தால் குழந்தை கண்ணுக்குக் கெடுதலா?" என்று எந்த விழாவிலும் ஒரு பாட்டி கேட்பார். வழக்கமான தூரத்திலிருந்து அடிக்கும் கேமரா ஃபிளாஷ் கண்ணைப் பாதிப்பதில்லை. என்றாலும் கைக்குழந்தைக்கு முன்னால் ஒரு முழ தூரத்தில் நேராக அடிப்பது முறையில்லை, திடுக்கிட்டு அழும். மேல்தளத்துக்கு அடிப்பவருக்கு இந்தப் பேச்சே எழாது. வலிப்பு உள்ள பிள்ளை இருந்தால் பெற்றோரைக் கேட்டுக்கொண்டு, அடுக்கடுக்காக மின்னவைப்பதைத் தவிருங்கள்.

நேரடி ஃபிளாஷில் எடுத்த படத்தில் இரண்டு கண்ணும் சிவந்து தெரிவது இயல்பு. ஒரு கண் மட்டும் சிவக்காமல், கண்ணின் நடுவிலுள்ள கண்பாப்பா வெள்ளையாகவோ மஞ்சளாகவோ மின்னினால் அழித்துவிட்டுப் போகாதீர்கள். பார்வைக் கோணத்தால் அப்படித் தெரிவதும் உண்டு. ஆனால் ரெட்டினோபிளாஸ்டோமா என்ற விழித்திரைப் புற்றுநோய் முதலில் இப்படித்தான் பல குழந்தைகளிடம் கண்ணில் படுகிறது. பெற்றோரிடம் பக்குவமாகச் சொல்லி, தாமதிக்காமல் கண் மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

மேல்தளம் எட்டாத இடம்

மினி ஹால், கல்யாண மண்டபத்தின் டைனிங் ஹால், கறுப்புப் பெயின்ட் அடித்த பார்ட்டி ஹால் என்றால் மேலே அடிப்பது வீண். இருபதடி உயரம் போய் வருவதற்குள் வெளிச்சம் தேய்ந்துவிடும். கறுப்புத் தளத்திலிருந்து திரும்பியே வராது. பக்கத்தில் வெள்ளைச் சுவரோ தூணோ இருந்தால் அதற்குத் திருப்புங்கள். எதுவும் இல்லாவிட்டால் ஃபிளாஷைக் கேமராவிலிருந்து கழற்றிவிடுவது நல்லது. ஃபிளாஷைத் தள்ளியிருந்தே எரியவைக்கும் கோடாக்ஸ் எக்ஸ்2 போன்ற ஒரு டிரிக்கர் கேமராவில், ஃபிளாஷ் ஒரு வெள்ளைக் குடையோடு ஏழடி உயர ஸ்டாண்டில், கேக் மேசைக்கு 45 டிகிரி பக்கவாட்டில் எட்டடி தள்ளி.

ஸ்டாண்ட் என்றதும் அதன் கால்களுக்கு நடுவே ஓடப்போகும் பிள்ளைகளை நினைத்துக்கொள்ளுங்கள். மணல் பையோ, ஐந்து லிட்டர் தண்ணீர் கேனோ அடியில் கட்டாமல் ஸ்டாண்டை நிறுத்தவே கூடாது. கால்கள் சுவரோரமாக இருக்கட்டும், ஒரு நாற்காலியை முன்னால் போட்டு வழியை அடையுங்கள். வீட்டில் என்றால் ஸ்டாண்டே வேண்டாம்: ஏழடி உயரத்தில் லாஃப்ட் இருக்கிறது, ஜன்னல் கம்பி இருக்கிறது. ஒரு கிளாம்ப் போட்டு ஃபிளாஷை அங்கே மாட்டி மேல்தள மூலையைப் பார்த்துத் திருப்பிவிட்டால் ஹால் முழுக்க ஒரே சீராக வெளிச்சம் கிடைக்கும். கேமராவில் கனமும் இல்லை. எந்தப் பக்கம் திரும்பி எடுத்தாலும் பவரை மாற்ற வேண்டியதில்லை. இரண்டாவது ஃபிளாஷ் வாங்கும் யோசனை இருந்தால் அது போக வேண்டிய இடம் இதுதான்.

ஃபோகஸுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அசையும் ஆளைத் தொடர்ந்து ஃபோகஸ் செய்யும் ஏ.எஃப்-சி அல்லது ஏ.ஐ சர்வோ, மிரர்லெஸ்ஸில் கண் தேடும் ஆட்டோஃபோகஸ், ஆரம்பநிலை டி.எஸ்.எல்.ஆர்-இல் நடுப் புள்ளி மட்டும், ஏனென்றால் மங்கிய ஒளியில் ஓரப் புள்ளிகள் தேடிக்கொண்டே இருக்கும். குரூப் போட்டோவுக்கு எஃப் 5.6, ஃபிளாஷ் ஒரு ஸ்டாப் கூட, முன்வரிசைப் பிள்ளையின் கண்ணில் ஃபோகஸ், குறைந்தது ஐந்து படம். பன்னிரண்டு பேரில் யாராவது ஒருவர் எப்போதும் கண்ணை மூடியிருப்பார்.

கைபேசி மட்டும் இருப்பவர்கள் 1எக்ஸ் லென்ஸிலேயே நின்று, நடந்து கிட்டப் போய் எடுங்கள். பெரும்பாலான கைபேசிகளில் அல்ட்ராவைடுக்கும் டெலிக்கும் சென்சார் சின்னது. வீட்டு வெளிச்சத்தில் இரண்டும் திணறும். நைட் மோட் அசையாத கேக்குக்கு நல்லது, பிள்ளைகளுக்கு ஆகாது.

நான்கு ஏ.ஏ செல் போடும் ஃபிளாஷ் என்றால் ரீசார்ஜ் ஆகும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்கள் இரண்டு செட் வையுங்கள். கடையில் வாங்கும் ஆல்கலைன் செல் பாதியிலேயே சோர்ந்து, ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையே ஏழெட்டு நொடி காக்கவைக்கும்; கேக் ஊட்டுகிற கை அதற்குள் இறங்கிவிடும். லென்ஸ் முன்னால் ஒரு யு.வி ஃபில்டரும் ஹூடும் இருக்கட்டும். ஸ்னோ ஸ்பிரேயும் கிரீமும் பட்டால் ஃபில்டரைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு தொடர்ந்து எடுக்கலாம். நுரையைக் காயவிட்டுத் தேய்க்காதீர்கள். ஊதித் தள்ளிவிட்டு, லென்ஸ் திரவம் இரண்டு சொட்டு விட்ட மைக்ரோஃபைபர் துணியால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் துடைக்க வேண்டும்.